வெயில் சதமடிக்கும்போது மணி எங்கே படுக்கிறான்

மணி நாட்டு நாய். செவலை நிறம், நெஞ்சில் மட்டும் கைக்குட்டை அளவுக்கு வெள்ளை. ஐந்து வருடம் முன்பு ஒரு மழை நாளில் தெருமுனைச் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டு கிடந்தவனைத் தம்பி தூக்கி வந்தான், அப்படியே தங்கிவிட்டான். வெயில் காலத்தில் இவன் ஒரு நாளைக்கு நாலு இடம் மாறுவான். காலை எட்டு மணி வரை வாசல் படி. அப்புறம் ஸ்கூட்டிக்கு அடியில். பத்தரை மணிக்கு மேல் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, துணி அலசிய தண்ணீர் ஊறி ஊறி அந்த மண் காய்வதே இல்லை, அங்கே போய் முன்னங்காலால் பரபரவென்று பறித்து மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கிற சில்லென்ற மண்ணில் வயிற்றை அழுத்தி, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி விரித்துப் படுத்துவிடுவான். பன்னிரண்டு மணிக்கு அதுவும் தாங்காது. கதவைப் பிறாண்டுவான், திறந்தால் நேராகக் குளியலறை.

அம்மாவுக்கு முதலில் அந்தப் பள்ளம் பறிப்பது பிடிக்கவில்லை, செம்பருத்தி வேர் போகிறது என்று இரண்டு வருடம் திட்டித் தீர்த்தார். இப்போது அவரே காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றிவிட்டுத்தான் காபி போடப் போகிறார். நாய்க்கு வயிற்றிலும் தொடையிடுக்கிலும் முடி குறைவு, தோல் மெல்லிசு, அங்கேதான் உடம்புச் சூடு சுலபமாக வெளியே போகும். அதனால்தான் வயிற்றை மண்ணில் அழுத்துகிறான். அவன் படுக்கிற இடம் எதுவோ அதுதான் அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலேயே குளிர்ந்த இடம். இதை நான் பலமுறை கை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அவன் தப்பவில்லை.

எங்கள் ஊர் வேலூர். வெளியூர்க்காரர்கள் வெயிலூர் என்பார்கள். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளை விட மணல் தெரிகிற நாள்தான் அதிகம், பகல் முழுக்கச் சூடு வாங்கிய பாறை ராத்திரி பத்து மணிக்கும் அனலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மார்ச் முடிவதற்குள் பேப்பரில் 'வேலூரில் வெயில் சதம்' என்று போட ஆரம்பித்துவிடுவார்கள். மே 4-ந் தேதி கத்திரி பிறந்தால் 104, 106 எல்லாம் சாதாரணம். நம் ஊர்ப் பத்திரிகைகள் வெயிலை பாரன்ஹீட்டில் போடுவது நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வகையில் வசதி. நாயின் சாதாரண உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். சரி, வெளியே 106 என்றால் என்ன அர்த்தம்? காற்றே நாயின் உடம்பை விடச் சூடு. அந்தக் காற்றில் நாயின் சூடு போய் இறங்க இடமே இல்லை, வெளிச் சூடுதான் நாய்க்குள் ஏறும். நாய்க்கு மின்விசிறி போட்டுவிட்டோம், போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசிக்க வேண்டும். நமக்கு விசிறிக் காற்று சுகமாக இருப்பது நமக்கு உடம்பெல்லாம் வியர்ப்பதால். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், அதனால் உடம்பு குளிர்ந்துவிடாது. காய்ந்த முடி மேல் 106 டிகிரிக் காற்று பட்டால் அது அனல் காற்றுதான்.

சூட்டை இறக்க நாய்க்கு இருக்கிற ஒரே பெரிய வழி இளைப்பது, அதாவது நாக்கைத் தொங்கப்போட்டு வேகவேகமாக மூச்சு வாங்குவது. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடுகிற நாய், வெயிலில் இளைக்கும்போது 300-ஐக்கூடத் தாண்டிவிடும். நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரிதான். மண்பானை மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராது இல்லையா, அதேதான் இங்கேயும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாய் எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்குவதில்லை. அதனால் சென்னையில், கடலூரில், தூத்துக்குடியில் இருப்பவர்கள் 'எங்கள் ஊரில் 97தானே, வேலூர் மாதிரி இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கசகசவென்று புழுங்குகிற 97 சில நாய்களுக்கு எங்கள் ஊர் 104-ஐ விட மோசம். ஏர் கூலரும் அப்படித்தான், வேலூரில் நன்றாக வேலை செய்யும், கடற்கரை ஊர்களில் அறையை இன்னும் புழுக்கமாக்கிவிடும்.

இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் சிண்டு இருந்திருப்பான்.

சிண்டு ஒரு பக். ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் வந்தது அல்லவா, அந்த ஜாதி. அக்கா ஆசைப்பட்டு வாங்கினாள், கல்யாணமாகிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். நாலு வயது. நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து காலருகில் தொப்பென்று விழுந்து படுப்பான், தூங்கினால் மனிதர் மாதிரி குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்டு எல்லோரும் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயம் இல்லை, அவனுக்கு மூச்சுப் பாதை குறுகலாக இருந்தது, அதன் சத்தம் அது. மூக்கு அமுங்கிய நாய்களுக்கு, பக், ஷிட்சு, புல்டாக், பாக்ஸர் எல்லாவற்றுக்குமே, காற்று போய்வர இடம் கம்மி, நீண்ட மூக்கில் இருக்கிற ஈரப்பரப்பும் கிடையாது. மணி கொஞ்சம் இளைத்து இறக்குகிற சூட்டை இறக்க அவன் அதை விட அதிகமாக இளைக்க வேண்டும், அப்படி இளைக்கிற உழைப்பே உடம்பில் இன்னும் சூட்டை ஏற்றும்.

2018 மே மாதம். ஆற்காட்டில் சொந்தக்காரர் கல்யாணம். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம், இரண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று. சிண்டுவைப் பின்பக்க அறையில் விட்டு, ஃபேனைப் போட்டு, தண்ணீர் வைத்து, பூனை வரும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனோம். அந்த அறைக்கு மேலே கல்நார் ஓடு. திரும்பி வரும்போது மூன்றே கால். பதினொன்றரைக்கே கரண்ட் போய்விட்டதாம், பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த அனல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிண்டு கதவோரம் கிடந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், பின்னங்கால் மடங்கிச் சரிந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி, பசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கு நுனி அகன்று கரண்டி போல, நிறம் செங்கல் சிவப்பு. ஈறும் அப்படித்தான். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன்? பெரிய துண்டு ஒன்றை நனைத்து அவனைக் கழுத்து வரை இறுக்கிச் சுற்றினேன். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். வழியில் நெரிசல், போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். பாதி வழியில் அந்தத் துண்டு என் கையிலேயே வெதுவெதுவென்று ஆகிவிட்டது, எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. டாக்டர் வெப்பம் பார்த்தபோது 107.6. குளுக்கோஸ் ஏற்றினார், தண்ணீர் ஊற்றினார், ஃபேனை நேராக வைத்தார், ஒரு மணி நேரத்தில் 103-க்கு இறங்கியது, வாலைக்கூட லேசாக அசைத்தான். மறுநாள் விடியற்காலை இரத்தமாகப் பேதி போனது. எட்டு மணிக்கு அடங்கிவிட்டான். உடம்பு 107-ஐத் தாண்டி நின்றுவிட்டால் குடல், சிறுநீரகம், இரத்தம் உறைகிற தன்மை எல்லாமே உள்ளே கெடத் தொடங்கிவிடும், பிறகு சூடு இறங்கினாலும் அந்தச் சேதம் நிற்காது என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். 'வீட்டிலேயே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பியிருந்தீங்கன்னா வாய்ப்பு இருந்திருக்கும்மா' என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த நாய்க்காகச் சொன்னார்.

அதனால் இதைத் தயவுசெய்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி. பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், முதலில் குளிரவை, பிறகு கொண்டு போ என்று. நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், முதுகில் மட்டும் ஊற்றினால் முடி மேலேயே வழிந்து போய்விடும், வயிறு, அக்குள், தொடையிடுக்கு, கழுத்து என்று தோலைத் தொடுகிற மாதிரி கையால் அளைந்து அளைந்து ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே விசிறி. கரண்ட் இல்லை என்றால் முறத்தால் வீசுங்கள், அட்டையால் வீசுங்கள். நனைந்த உடம்பில் காற்று பட்டால்தான் சூடு இறங்கும். வாலிப நாய், மற்றபடி ஆரோக்கியம் என்றால் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியில் தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு உட்காரவைக்கலாம். வயதான நாய், மூக்கு அமுங்கிய நாய், மூச்சுக்குத் திணறுகிற நாய் என்றால் ஊற்றுவதும் வீசுவதும்தான் நல்லது. ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது கம்பளி மாதிரி ஆகிவிடும், என் கையிலேயே ஆயிற்று. துண்டு வேண்டுமானால் நாய்க்கு அடியில் விரியுங்கள்.

தன்னால் குடித்தால் குடிக்கட்டும், மயங்கிய நாயின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல்தானே என்று மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, நாய்க்கு அது விஷமாகவும் மாறலாம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள், ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 103-க்குப் பக்கத்தில் வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். எழுந்து நடந்துவிட்டது, வால் ஆட்டுகிறது, சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிண்டுவும் வால் ஆட்டினான்.

இன்னொன்று, இதை எந்த வெளிநாட்டுக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. மத்தியானம் நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது குளிர்ந்த தண்ணீர் இல்லை. மொட்டைமாடியில் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி, அதிலிருந்து வெயிலில் கிடக்கிற குழாய், மூன்று மணிக்கு அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அவசரத்தில் அதைத் திறந்து நாய் மேல் விட்டால் வெந்நீர் அபிஷேகம்தான் ஆகும். அதனால் நான் தினமும் காலை ஐந்தரைக்குக் குளியலறையில் பெரிய டப்பையும் இரண்டு பக்கெட்டையும் நிரப்பிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் முடிய ஒருநாள் விடுவதில்லை. மணி குளியலறையில் போய்ப் படுப்பதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், டப்போடு முதுகை ஒட்டித்தான் படுப்பான்.

குடிக்கிற தண்ணீருக்கு மண்தொட்டி. எவர்சில்வர் கிண்ணத்தில் வெயில் பட்டால் கால் மணியில் சுடும், பிளாஸ்டிக்கில் வாடை அடிக்கும், மணி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவான். காட்பாடி போகிற வழியில் குயவர் ஒருவரிடம் வாய் அகலமான மண்தொட்டி மூன்று வாங்கினேன், ஒன்று வீட்டுக்குள், ஒன்று பின்பக்க நிழலில், ஒன்று வாசலுக்கு வெளியே தெரு நாய்களுக்கு. சாதாரண நாளில் நாய்க்கு உடம்பு எடையில் கிலோவுக்குச் சுமார் 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும், வெயிலில் இரண்டு மடங்கும் போகும். மணி 18 கிலோ, கத்திரியில் இரண்டு லிட்டர் காலியாகிறது. ஐஸ் தண்ணீர் கொடுத்தால் நாய் செத்துவிடும் என்று ஒரு பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஐஸ் கட்டி நக்கக் கொடுக்கலாம், மணி அதை உருட்டி விளையாடியே தின்பான். ஓடி வந்த வேகத்தில் ஒரேயடியாக மடக் மடக்கென்று வயிறு முட்டக் குடிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சாப்பாடு வெயிலில் குறையும், அதைப் பார்த்துப் பதறி ஊட்ட வேண்டியதில்லை. காலை ஆறரைக்குள் ஒரு வேளை, ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு வேளை. தயிர் சாதம் கொடுக்கலாம், ஆனால் தாளிக்காமல், உப்பு போடாமல். நீர்மோரும் அப்படித்தான், வெங்காயம் பச்சைமிளகாய் கிள்ளிப் போட்ட மோர் நமக்கு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைக் கெடுக்கும், சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றிப் பிசைந்து போடுகிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்து ஆறவைத்துக் கொடுத்தால் மணி நக்கி நக்கிப் பாத்திரத்தையே தள்ளிக்கொண்டு போவான். தர்பூசணி விதை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம், இளநீர் கொஞ்சம். திராட்சை ஒன்றுகூட வேண்டாம். இந்தச் சீசனில் பெரிய ஆபத்து மாங்கொட்டை. பிள்ளைகள் சப்பிவிட்டு வாசலில் எறிவார்கள், நாய் அப்படியே விழுங்கிவிடும், குடலில் போய் அடைத்தால் ஆபரேஷன்தான்.

நடக்கக் கூட்டிப்போவதற்கு எல்லோரும் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள் என்பார்கள். எனக்கு அதை விடச் சுலபமாகத் தோன்றுவது, செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் நில்லுங்கள். சித்திரை மாதத்துப் பகலில் கோயில் பிரகாரத்தில் நாம் குதித்துக் குதித்து ஓடுவது ஞாபகம் இருக்கும், நமக்காகத் தேங்காய்நார்ப் பாய் விரித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நாய்க்கு யார் விரிப்பது? வெறுங்காலில் பத்து எண்ணும்வரை உங்களால் நிற்க முடியவில்லை என்றால் நாயையும் இறக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்த மாதிரி தெரியும், தார் ரோடு தணிந்திருக்காது. காலை ஆறரைக்குள் போய்வந்துவிடுவது, ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு சுற்று, இடையில் மூத்திரத்துக்கு மட்டும் மண் தரையில். போகும்போது வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வாய்ப்பூட்டு போட்டால் நாயால் இளைக்கவே முடியாது. அதை வெயிலில் போடுவது மூக்கைப் பொத்துவது மாதிரி.

காரில் விட்டுவிட்டு 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்று கடைக்குள் போவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். வெயிலில் நிற்கிற மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி பாரன்ஹீட் அளவுக்குச் சூடு ஏறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டாலும் பெரிதாகக் குறையாது. வெளியே 104 என்றால் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. பாமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி மாதிரி இரட்டை அடுக்கு முடி இருக்கிற நாய்களை மே மாதம் பிறந்ததும் மொட்டையடித்துவிடுகிறார்கள். வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுப்பதே அந்த மேல்முடிதான், ஒட்ட வழித்துவிட்டால் தோல் வெந்துபோகும், சிலவற்றுக்குத் திரும்பச் சரியாக முளைக்காமலும் போகும். அடியில் செத்துக் கிடக்கிற பஞ்சு முடியைத் தினமும் சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும், அதுதான் தேவை. சீவும்போதே உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்துவிடலாம், வெயில் காலத்தில் உண்ணிக் காய்ச்சல் நிறைய வருகிறது. ராஜபாளையம் வளர்ப்பவர்கள் நம் ஊர் நாய்தானே என்று வெயிலில் விட்டுவிடுகிறார்கள், அந்த வெள்ளை முடிக்கு அடியில் இருப்பது ரோஸ் நிறத் தோல், மூக்கும் காது மடலும் சீக்கிரம் வெந்துவிடும். சைபீரியாவில் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியை வேலூரில் வாங்காதீர்கள் என்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஏசி இருக்கிறது என்பார்கள். கரண்ட் போனால்?

போன வருடம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு லாப்ரடார் கட்டியிருந்தார்கள். பெயர் ராக்கி. தகரக் கூரை, இரண்டடிச் சங்கிலி, கருத்த பிளாஸ்டிக் வாளி. பத்து மணிக்குக் குரைக்க ஆரம்பிக்கும், பன்னிரண்டுக்கு நின்றுவிடும், அந்த நிசப்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பேசினேன்.

'அண்ணா, ராக்கி மேல ரொம்பக் கஷ்டப்படுது. தகரம் கை வெச்சா சுடுது.'

'என்னம்மா பண்றது, கீழ குடியிருக்கறவங்களுக்கு நாய்னா பயம். தண்ணிதான் வெச்சிருக்கோமே.'

'அந்தத் தண்ணியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன் அண்ணா.'

மேலே கூட்டிப்போனார். வாளியில் விரலை விட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. சின்னச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போடுவதும், நிழலும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், தேவைப்பட்டால் சொல்லலாம் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன், சொல்ல வேண்டியே வரவில்லை. அன்று சாயங்காலமே ராக்கி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கோணிச் சாக்கை நனைத்து விரித்திருந்தார்கள். பெரும்பாலும் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை மேலே ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒருவேளை தகரக் கூரையை மாற்ற முடியாது என்றால் அதன் மேல் தென்னங்கீற்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாலே உள்ளே எவ்வளவோ வித்தியாசம் தெரியும்.

தெரு நாய்களுக்குப் படுக்க டப்பும் இல்லை, குளியலறையும் இல்லை. சாக்கடைக்குள் இறங்கிப் படுக்கும், நிறுத்தியிருக்கிற லோடு ஆட்டோவுக்கு அடியில் படுக்கும். வண்டியை எடுக்கும் முன்பு குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், அல்லது பானெட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் ஒழுக நிற்கிற நாயைப் பார்த்ததும் 'வெயில்ல வெறி பிடிச்சிடுச்சு' என்று கல்லெடுத்து விரட்டுகிறார்கள். வெயிலால் வெறி பிடிப்பதில்லை. வெறிநோய் ஒரு வைரஸ், நோயுள்ள விலங்கு கடித்து வருவது, எந்த மாதத்திலும் வரும். கடி பட்டால் கட்டாயம் சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் நிழலில் நின்று இளைக்கிற நாய்க்கு வேண்டியது தண்ணீர். எங்கள் வாசல் தொட்டிக்கு இப்போது ஆறு நாய், ஒரு பசு, சாயங்காலம் மைனாக் கூட்டம். கொசு முட்டை வைக்காமல் இருக்கக் காலையும் மாலையும் தேய்த்துக் கழுவி மாற்றுகிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது நேரம் ராத்திரி எட்டே கால். சங்கிலியைக் கையில் எடுத்த சத்தம் கேட்டதுமே மணி கேட்டருகே போய் நின்றுவிட்டான், வால் கம்பியில் டங் டங்கென்று அடிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் நின்று பார்த்தேன். ஏழு எண்ணுவதற்குள் காலை மாற்ற வேண்டியிருந்தது. 'இன்னும் கொஞ்ச நேரம்டா' என்று உள்ளே கூட்டி வந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டும்.